பிள்ளைக்குத் தெரிந்த பூட்டு

(நூலக வாசகர் வட்டத்தில் பெற்றோர்களுக்காக ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உள்ளே வரும்போதே வாசலில் சிலர் கேட்டுவிட்டீர்கள்: "சார், எந்த சாஃப்ட்வேர் போட்டா இந்த அசிங்கமெல்லாம் வராது?" நியாயமான கேள்வி. பதில் இருக்கிறது, சொல்லாமல் இறங்க மாட்டேன். ஆனால் அந்த ஒரு கேள்விக்குள் இரண்டு கவலைகள் கலந்து கிடக்கின்றன. பாடத்துக்காகவோ விளையாட்டுக்காகவோ உட்கார்ந்த பிள்ளையின் கண்ணில் ஆபாசம் தானாக வந்து விழுவது ஒன்று. பதினைந்து வயதுப் பிள்ளை அதைத் தேடிப் போவது இன்னொன்று. முதலாவதைக் கணினியில் செய்யும் ஏற்பாட்டால் பெருமளவு தடுத்துவிடலாம். இரண்டாவதை எந்த ஏற்பாடும் முழுதாகத் தடுக்காது. இரண்டையும் பிரிக்காமல் ஒரே மருந்தைத் தேடுவதால்தான், சில வீடுகளில் ஒன்றுமே செய்யாமல் விட்டுவிடுகிறார்கள், சில வீடுகளில் பிள்ளையைக் குற்றவாளியாக்கி வைத்திருக்கிறார்கள்.

தானாக வந்து விழுவதை முதலில் பார்ப்போம். "நல்ல பிள்ளை கண்ணில் அதெல்லாம் படாது" என்று நம்பும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஃபின்கெல்ஹோரும் அவருடைய குழுவினரும் பத்து முதல் பதினேழு வயதுப் பிள்ளைகளிடம் மூன்று முறை ஆய்வு நடத்தினார்கள். விரும்பாமலே ஆபாசப் படம் கண்ணில் பட்டதாகச் சொன்னவர்கள் முதல் ஆய்வில் 25 விழுக்காடு, 2005-இல் 34 விழுக்காடு, 2010-இல் 23 விழுக்காடு. காமன் சென்ஸ் மீடியா அமைப்பு 2023-இல் வெளியிட்ட அறிக்கையில், பதின்மூன்று முதல் பதினேழு வயதுக்குள் இருந்தவர்களில் 58 விழுக்காட்டினர் தற்செயலாகப் பார்க்க நேர்ந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். முதன்முதலாகப் பார்த்த வயது சராசரியாகப் பன்னிரண்டு. நம் கணக்கில் ஏழாம் வகுப்பு.

இப்படி விழவைப்பதையே தொழிலாகச் செய்தவர்கள் உண்டு. ஜான் சுக்கரினி என்பவரை 2003-இல் அமெரிக்காவில் கைது செய்தார்கள். டிஸ்னிலாண்ட், டெலிடப்பீஸ் என்று குழந்தைகள் தேடும் பெயர்களை ஓரிரு எழுத்துப் பிழையோடு இணைய முகவரிகளாக வாங்கிப் போடுவது அவர் வேலை. தட்டச்சில் பிழை செய்கிற குழந்தை நேராக ஆபாசத் தளத்தில் போய் நிற்கும். ஒரு ஜன்னலை மூடினால் இன்னொன்று திறக்கும். மறு ஆண்டு அவருக்கு முப்பது மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது.

நம் ஊரில் பிள்ளைகள் தவறி விழுகிற வழி வேறு. நேற்று வெளியான படத்தை இலவசமாக இறக்கித் தரும் திருட்டுத் தளம், விளையாட்டு மென்பொருளின் கிராக், பழைய வினாத்தாள் பிடிஎஃப் தருவதாகச் சொல்லிச் சுற்றவைக்கும் பக்கம். இவற்றில் எந்தப் பொத்தானைத் தொட்டாலும் சூதாட்ட விளம்பரமோ நிர்வாணப் படமோ குதித்து வருகிறது. அந்தப் படத்தை இறக்கித் தரச் சொல்வது பல வீடுகளில் அப்பாவும் சித்தப்பாவும்தான். "தம்பி, அந்தப் படம் வந்துடுச்சான்னு பாரேன்" என்று பன்னிரண்டு வயதுப் பையனை நாமே அந்தத் தெருவுக்கு அனுப்புகிறோம். இதை நிறுத்த மென்பொருள் எதுவும் வேண்டாம்.

அடுத்து, கணினி எங்கே இருக்கிறது? 2011-இல் மத்திய அரசு இணைய மையங்களுக்கு விதிகள் கொண்டுவந்தது. ப்ரௌசிங் சென்டரில் தடுப்பு வைத்தால் தரையிலிருந்து நாலரை அடிக்கு மேல் உயரக்கூடாது. தடுப்பு இல்லாத இடத்தில் திரைகள் எல்லாரும் நடமாடும் பக்கம் பார்த்து இருக்க வேண்டும். தடுப்புக்குள் சிறுவர்களைப் பெற்றோரோ பாதுகாவலரோ இல்லாமல் உட்கார விடக்கூடாது. ஒரு கடைக்கு இவ்வளவு யோசித்திருக்கிறார்கள். வீட்டில் என்ன செய்தோம்? 2020-இல் பள்ளி வீட்டுக்குள் வந்தபோது, சத்தம் கேட்கக்கூடாது என்று கணினியை உள்ளறைக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்தினோம். அன்றைக்கு அது தேவைப்பட்டது. பள்ளி திறந்து வருடக்கணக்காகியும் பல வீடுகளில் கணினி அந்த அறையிலேயே இருக்கிறது, கதவும் சாத்தியே இருக்கிறது.

கூடத்துக்குக் கொண்டுவாருங்கள். திரை சுவரைப் பார்த்து அல்ல, ஆட்கள் போய்வரும் பக்கம் பார்த்து இருக்கட்டும். லேப்டாப் என்றால் இரவு பத்து மணிக்கு மேல் கூடத்திலேயே சார்ஜ் ஏறட்டும், உங்கள் போனும் அதன் பக்கத்திலேயே கிடக்கட்டும். பெரியவர்களுக்கும் சேர்த்துப் போட்ட விதி என்று தெரிந்தால் பிள்ளைகள் முணுமுணுத்தாலும் கேட்பார்கள்.

இனி சாஃப்ட்வேர் விஷயம். புதிதாக ஒன்றைக் காசு கொடுத்து வாங்குவதற்கு முன்னால், கையில் இருப்பதைச் சரியாக அமைக்க வேண்டும். விண்டோஸ் கணினியில் அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு, சாதாரணக் கணக்கு என்று இரண்டு வகை உண்டு. அட்மினிஸ்ட்ரேட்டர் எதையும் நிறுவலாம், எதையும் நீக்கலாம். வீட்டில் எல்லாருமே அந்த ஒரே கணக்கில் நுழைந்தால், நீங்கள் மாலையில் போட்ட தடையைப் பிள்ளை இரவில் எடுத்துவிடும். பிள்ளைக்குத் தனிக் கணக்கு, அதுவும் சாதாரணக் கணக்கு. அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்ட் உங்களிடம். அது வண்டி நம்பராகவும் பிறந்த தேதியாகவும் இருக்கக்கூடாது, பிள்ளைகளுக்கு அவை மனப்பாடம்.

அந்தப் பிள்ளைக் கணக்கை மைக்ரோசாஃப்ட் ஃபேமிலி சேஃப்டியில் சேர்த்து வடிகட்டலை இயக்கினால், எட்ஜ் பிரௌசரில் ஆபாசத் தளங்கள் தடைபடும். தடத்தை மறைக்கிற இன்பிரைவேட் ஜன்னலும் திறக்காது. பரவலாகப் பயன்படும் மற்ற பிரௌசர்களையும் அது நிறுத்திவைக்கும். இதற்குத் தனியே காசு கிடையாது.

இரண்டாவது இடம் ரவுட்டர். நாம் ஒரு தளத்தின் பெயரைத் தட்டியதும் கணினி அந்தப் பெயருக்கு உரிய எண்ணை ஓர் இடத்தில் கேட்டு வாங்கிய பிறகுதான் தளத்துக்குப் போகிறது. அந்த இடத்துக்கு டிஎன்எஸ் என்று பெயர். ஆபாசத் தளத்தின் எண்ணைத் தர மறுக்கிற டிஎன்எஸ் சேவைகள் இலவசமாகவே இருக்கின்றன. கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் குடும்பங்களுக்காக 2020-இல் தொடங்கியது 1.1.1.3, அதற்குத் துணை 1.0.0.3. ஓப்பன்டிஎன்எஸ் ஃபேமிலிஷீல்ட் என்றும் ஒன்று உண்டு. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் இந்த எண்களைப் போட்டுவிட்டால் வீட்டு வைஃபையில் இருக்கும் கணினி, டேப், டிவி எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் காவல் வந்துவிடும். இணைப்புக் கொடுத்தவர் ரவுட்டரைத் திறக்க விடவில்லை என்றால் விண்டோஸிலேயே போடலாம். அதை மாற்ற அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்ட் வேண்டும் என்பதால் சாதாரணக் கணக்கில் இருக்கும் பிள்ளை கைவைக்க முடியாது. லைன் இழுக்க வந்தவர் விட்டுப்போன ரவுட்டர் பாஸ்வேர்டை அன்றைக்கே மாற்றிவிடுங்கள். அது பெட்டியின் அடியில் ஒட்டியே இருக்கும்.

எந்த அளவுக்கு இறுக்குவது என்ற இடத்தில் ஓர் எச்சரிக்கை. அமெரிக்காவின் கைசர் குடும்ப அறக்கட்டளை 2002-இல் வடிகட்டும் மென்பொருள்களைச் சோதித்தது. மிகத் தளர்வான நிலையில் அவை ஆபாசத் தளங்களில் 87 விழுக்காட்டைத் தடுத்தன, உடல்நலத் தகவல் தளங்களில் 1.4 விழுக்காட்டைத் தவறாகத் தடுத்தன. மிக இறுக்கமான நிலையில் ஆபாசத் தடுப்பு 91 விழுக்காடு ஆனது, தவறாக அடைபட்ட உடல்நலத் தளங்கள் 24 விழுக்காடு ஆயின. நாலு விழுக்காடு கூடுதல் காவலுக்காக உடல்நலத் தகவலில் ஏறக்குறைய கால் பங்கு போயிற்று. ஆய்வு பழையது, மென்பொருள்கள் மாறிவிட்டன. ஆனாலும் இறுக்க இறுக்க நல்லது என்ற நினைப்பு தவறு என்பதற்கு அந்த எண்கள் போதும். மாதவிடாய் தள்ளிப்போகிறது, மார்பில் கட்டி மாதிரி இருக்கிறது என்று பயந்து, அம்மாவிடம் கேட்கக் கூச்சப்பட்டுத் தேடுகிற பதினான்கு வயதுப் பெண்ணுக்குத் தடைப் பக்கம் வந்து நின்றால் அவள் யாரிடம் போவாள்? அதனால் அளவைத் தேர்ந்தெடுக்க வழியுள்ள வடிகட்டியை நடுத்தர நிலையில் வையுங்கள்.

"சார், எங்க வீட்ல அட்மினிஸ்ட்ரேட்டரே பையன்தான்" என்று பின்வரிசையில் ஓர் அம்மா சொல்கிறார். தமிழ்நாட்டில் இது லட்சக்கணக்கான வீடுகளின் நிலை. 2011-இலிருந்து அரசு மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுத்தது. எத்தனையோ குடும்பங்களுக்கு அதுதான் முதல் கணினி. அதைத் திறக்கத் தெரிந்த முதல் ஆள் பிள்ளை. அம்மாவும் அப்பாவும் அவனிடம்தான் மின்கட்டணம் கட்டச் சொல்கிறார்கள், சான்றிதழுக்கு விண்ணப்பிக்கச் சொல்கிறார்கள். பாஸ்வேர்டே தெரியாத பெற்றோர் எதைப் பூட்டுவது? அந்த அம்மாவுக்கு நான் சொல்வது இதுதான்: பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து அவனையே செய்யச் சொல்லுங்கள். "தங்கச்சிக்கு ஒரு கணக்கு போடு, உனக்கும் ஒண்ணு போடு, கண்டது வராம தடுக்கறதுக்கு ஏதோ எண் இருக்காமே, அதையும் போடு" என்று கேளுங்கள். தனக்குத் தெரியாமல் போட்ட பூட்டை உடைக்கத்தான் அந்த வயதில் கை பரபரக்கும். தான் போட்ட பூட்டைப் பற்றி அவனுக்குக் கொஞ்சம் பொறுப்பு வரும். பாஸ்வேர்டை மட்டும் நீங்கள் சொல்லும் ஒரு சொல்லாக வைக்கச் சொல்லி, டைரியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகு நம் கையில் எவ்வளவு பலம் இருக்கிறது? ஆக்ஸ்ஃபோர்டு இணைய ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ பிஷிபில்ஸ்கியும் விக்டோரியா நாஷும் 2018-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பிரிட்டனிலும் ஐரோப்பாவின் மற்ற நாடுகளிலும் உள்ள வளரிளம் பிள்ளைகளைப் பற்றியது. ஒரே ஒரு பிள்ளையின் கண்ணில் ஆபாசம் படாமல் தடுக்க 17 முதல் 77 வீடுகள் வடிகட்டி போட்டிருக்க வேண்டும் என்று அவர்கள் கணக்கு காட்டியது. காரணம் சிக்கலானது அல்ல. வீட்டில் மூடியது நண்பன் போனில் திறந்திருக்கிறது. ஹாட்ஸ்பாட்டைப் போட்டால் உங்கள் ரவுட்டருக்கு வேலையே இல்லை. விபிஎன் பற்றி ஒன்பதாம் வகுப்பில் தெரியாதவர்கள் குறைவு. பிரௌசரிலேயே வேறு டிஎன்எஸ்ஸைத் தேர்ந்தெடுக்கவும் வழி இருக்கிறது.

அரசாங்கத்துக்கே இதில் முட்டியது. 2015-இல் 857 தளங்களை முடக்கச் சொல்லி மத்தியத் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது, எதிர்ப்பு கிளம்பச் சில நாள்களிலேயே பின்வாங்கியது. 2018-இல் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு 827 தளங்களை முடக்கினார்கள். அதில் பெரிய தளம் ஒன்று முகவரியின் கடைசிப் பகுதியை மாற்றிக்கொண்டு உடனே திரும்பி வந்தது. நாடு போட்ட பூட்டுக்கே அந்த நிலை என்றால் நம் வீட்டு ரவுட்டரிடம் அதிகம் எதிர்பார்க்கக்கூடாது. அப்படியும் ஏன் போடச் சொல்கிறேன்? பத்து வயதுக் குழந்தை எழுத்துப் பிழை செய்யும்போது அது காப்பாற்றும். பதினைந்து வயதுப் பையனிடம், "இந்த வீட்டில் இது வேண்டாம் என்று நினைக்கிறோம்" என்று சொல்லும். இந்த இரண்டுக்கும் அது போதும்.

போதவில்லை என்று நினைக்கும் சில பெற்றோர் அடுத்ததாக ஒன்றைச் செய்கிறார்கள். பிள்ளைக்குத் தெரியாமல் உளவு மென்பொருளை இறக்கி, அவன் தட்டும் ஒவ்வோர் எழுத்தையும் தங்கள் போனில் படிக்கிறார்கள். இதை நான் எதிர்க்கிறேன். நீங்கள் படித்தது என்றைக்காவது ஒருநாள் உங்கள் வாயிலிருந்து வந்துவிடும், திட்டும்போது வரும். அன்றோடு அந்தப் பிள்ளை உங்களிடம் எதையும் சொல்வதை நிறுத்திவிடும். எந்த நேரத்தில் அது உங்களிடம் ஓடி வந்தே ஆக வேண்டுமோ, அந்த நேரத்திலும் வராது.

அப்படி ஒரு நேரம் உண்டு. பதினாறு வயதுப் பெண்ணின் சாதாரணப் புகைப்படத்தை எடுத்து, செயற்கை நுண்ணறிவால் ஆடையில்லாப் படமாக மாற்றி, "காசு அனுப்பு, இல்லேன்னா உங்க கிளாஸ் குரூப்ல போட்டுடுவேன்" என்று மிரட்டுகிறான் ஒருவன். அவள் எதற்குப் பயப்படுகிறாள்? அவனுக்குப் பயப்படுவதைவிட வீட்டுக்குப் பயப்படுகிறாள். போனைப் பிடுங்குவார்கள், படிப்பை நிறுத்துவார்கள், "நீ ஏன் போட்டோ போட்ட?" என்று கேட்பார்கள், அண்ணன் அடிப்பான், மாப்பிள்ளை பார்க்கத் தொடங்குவார்கள். இது நடக்கும் என்று அவளுக்குத் தெரியும், ஏனென்றால் பக்கத்துத் தெருவில் நடந்ததை நம் வீட்டுச் சாப்பாட்டு நேரத்தில் நாமே பேசியிருக்கிறோம், அந்தப் பெண்ணையே குறை சொல்லிப் பேசியிருக்கிறோம். நம் வீட்டுப் பெண் அதைக் கேட்டுக்கொண்டுதான் சாப்பிட்டாள். மிரட்டுகிறவனின் முழுப் பலமும் அந்தப் பயத்தில்தான் இருக்கிறது.

அதனால் மென்பொருளுக்கு முன்னால் ஒரு வாக்கு கொடுங்கள். எதுவும் நடக்காத ஒரு நாளில், வண்டியில் போகும்போதோ மொட்டை மாடியில் துணி எடுக்கும்போதோ சொல்லுங்கள்: "கண்ணு, நெட்ல திடீர்னு அசிங்கமா ஏதாவது வந்தாலும், யாராவது உன்னை மிரட்டினாலும், நீயே ஏதாவது தப்பாப் பார்த்துட்டாலும் எங்கிட்ட வந்து சொல்லு. சொன்னதுக்காக கம்ப்யூட்டரைப் பிடுங்க மாட்டேன், ஸ்கூலை நிறுத்த மாட்டேன், சித்தப்பாகிட்ட சொல்ல மாட்டேன்." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். உறவுக்காரர் காதுக்குப் போவதைத்தான் இந்த வயதுப் பிள்ளைகள் அடியைவிடப் பெரிய தண்டனையாக நினைக்கிறார்கள். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுங்கள். ஒருமுறை மீறினால் அடுத்த வாய்ப்பு கிடைக்காது.

படம் வெளியே போய்விட்டால் செய்ய வேண்டியவை உண்டு. மிரட்டல் செய்திகளை அழிக்காதீர்கள், அவைதான் ஆதாரம். பணம் அனுப்பாதீர்கள், அனுப்பினால் மேலும் கேட்பான். மத்திய அரசின் சைபர் கிரைம் இணைய வாயிலில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் பதியலாம். குழந்தைகள் உதவி எண் 1098. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களின் அந்தரங்கப் படங்களுக்கு 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை இருக்கிறது, அமெரிக்காவில் காணாமற்போன, சுரண்டலுக்கு ஆளான குழந்தைகளுக்கான தேசிய மையம் நடத்துவது. படத்தை அவர்களுக்கு அனுப்பத் தேவையில்லை. உங்கள் கருவியிலேயே அந்தப் படத்துக்கு ஒரு கைரேகை மாதிரி எண் கணிக்கப்பட்டு, அந்த எண் மட்டும் போகும். அதில் சேர்ந்திருக்கும் சமூக ஊடக நிறுவனங்கள் அந்த எண்ணோடு பொருந்தும் படத்தைத் தேடி நீக்கும்.

பையனைப் பெற்றவர்கள் சட்டத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாதவர்களைக் காட்டும் ஆபாசத்தை வெளியிடுவதும் பகிர்வதும் மட்டுமல்ல, தேடுவதும் இறக்குவதும்கூடத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-பி பிரிவில் குற்றம். முதல் முறைக்கே ஐந்தாண்டு வரை சிறை, பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம். சென்னையிலிருந்து போன ஒரு வழக்கில், அத்தகைய படத்தைத் தன்னிடம் வைத்துப் பார்த்தது குற்றமல்ல என்று 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன தீர்ப்பை, அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. வகுப்புத் தோழியின் படத்தை வாட்ஸாப் குழுவில் தள்ளிவிடும் பையனுக்கு அது விளையாட்டு. சட்டத்துக்கு அப்படி இல்லை. படத்தில் இருக்கும் பெண்ணுக்கும் அப்படி இல்லை.

மிச்சம் இருப்பது தானாகத் தேடிப் போகும் பிள்ளை. உடல் மாறுகிற வயதில் உடலைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசைப்படுவது கேடு அல்ல. கேட்க ஆளில்லாததுதான் கேடு. இனப்பெருக்கப் பாடம் வந்தால் "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று ஆசிரியர் தாண்டிப் போகிறார். வீட்டில் கேட்டால் "படிக்கிற வேலையப் பாரு" என்கிறோம். நான் சொன்ன அதே 2023 அறிக்கையில், ஏறக்குறைய பாதிப் பிள்ளைகள் ஆபாசப் படங்களிலிருந்து பயனுள்ள தகவல் கிடைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு மிகவும் வலித்த எண் அது. நாம் விட்ட பாடத்தை அந்தத் தளங்கள் நடத்துகின்றன. அதில் ஒருவர் விருப்பத்தை மற்றவர் கேட்பதில்லை, வலியை இன்பமாகக் காட்டுகிறார்கள், எல்லாமே கேமராவுக்காக நடித்தது. அது நடிப்பு என்று பதினாலு வயதுப் பையனுக்கு யாராவது சொல்ல வேண்டும், அப்பா சொன்னால் நல்லது. ஐந்து நிமிடம் போதும், கண்ணைப் பார்த்துச் சொல்லக் கூச்சமாக இருந்தால் வண்டி ஓட்டிக்கொண்டே சொல்லுங்கள்.

ஹிஸ்டரியில் ஏதாவது கண்ணில் பட்டுவிட்டால் அந்த நொடியில் கத்தாதீர்கள். தங்கை முன்னால், பாட்டி முன்னால் கேட்காதீர்கள். ஓர் இரவு போகட்டும். மறுநாள் தனியாக, "இதைப் பார்த்தேன். உன் வயசுல தெரிஞ்சுக்கணும்னு தோணும். ஆனா அதுல இருக்கறது நிஜமில்ல, என்ன தெரியணுமோ எங்கிட்ட கேளு" என்று சொன்னால் போதும். படிப்பும் தூக்கமும் கெட்டு, ஆட்களோடு பேச்சே குறைந்து, தினமும் இதிலேயே கிடக்கிறான் என்றால் அது வேறு நிலை. அப்போது மனநல மருத்துவரிடமோ உளவியல் ஆலோசகரிடமோ அழைத்துப் போங்கள், தண்டனையாக அல்ல, காய்ச்சலுக்குப் போவது போலவே.

ஒன்று மட்டும் பாக்கி. இந்தப் பூட்டுகளை எப்போது தளர்த்துவது என்று பூட்டும் அன்றே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். பன்னிரண்டு வயது வரை தேர்ந்தெடுத்த தளங்கள் மட்டும். அதன் பிறகு வடிகட்டியும் நேரக் கட்டுப்பாடும். பதினாறில் நேரக் கட்டுப்பாட்டை எடுத்துவிடலாம். பதினெட்டாவது பிறந்தநாளில் அந்தக் கணக்கை அட்மினிஸ்ட்ரேட்டராக மாற்றிக் கொடுத்துவிடுங்கள். உங்கள் பிள்ளையைப் பொறுத்து இந்த வயதுகள் கொஞ்சம் முன்பின் ஆகலாம், அதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். ரவுட்டர் அமைப்பில் சந்தேகம் உள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் முன்னால் வாருங்கள், ரவுட்டரின் மாடல் எண்ணைச் சொல்லுங்கள், சேர்ந்து பார்ப்போம்.